காட்டாமல் வாங்கிய அனுமதி: போக்கிமான் கோவும் கூகுள் கணக்கும், ஜூலை 2016

2016 ஜூலை முதல் வாரத்தில் போக்கிமான் கோ என்ற போன் விளையாட்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வெளியானது. வந்த கூட்டத்தில் சர்வர்கள் திணறின. விளையாட்டுக்குள் நுழைய இரண்டே வழிதான்: போக்கிமான் தரப்பு நடத்திய 'டிரெய்னர் கிளப்' கணக்கு, இல்லாவிட்டால் கூகுள் கணக்கு. டிரெய்னர் கிளப்பில் புதிதாகப் பதிவு செய்யப் போனால் தளம் அடிக்கடி முடங்கிக் கிடந்தது. எனவே ஏராளமானோர் கூகுள் பொத்தானைத் தட்டி உள்ளே போனார்கள்.

ஐபோனில் அப்படித் தட்டியவர்கள் பார்த்தது இவ்வளவுதான்: மின்னஞ்சல் முகவரி கேட்கும் பக்கம், கடவுச்சொல் கேட்கும் பக்கம், அப்புறம் நேராக விளையாட்டு. நடுவில் வந்திருக்க வேண்டிய ஒரு பக்கம் வரவே இல்லை. 'இந்தச் செயலி உங்கள் கணக்கில் இன்னின்னதைப் பார்க்கும், சம்மதமா?' என்று கேட்கும் பக்கம் அது.

ஜூலை 8 அன்று ஆடம் ரீவ் என்ற பாதுகாப்பு வல்லுநர் இதைப் பொதுவெளியில் எழுதினார். கூகுள் கணக்கில் 'இணைக்கப்பட்ட செயலிகள்' என்றொரு பக்கம் உண்டு. எந்தெந்தச் செயலிக்கு நம் கணக்கில் என்ன உரிமை இருக்கிறது என்று அதில் பட்டியலாகத் தெரியும். அங்கே போக்கிமான் கோவின் பெயருக்கு நேரே 'கணக்கின் முழு அணுகல்' என்று இருந்தது. அதற்குக் கூகுளின் உதவிப் பக்கம் அன்று கொடுத்திருந்த விளக்கம்: கணக்கில் உள்ள ஏறத்தாழ எல்லாத் தகவலையும் அந்தச் செயலி பார்க்கலாம், மாற்றலாம், கடவுச்சொல்லை மாற்றுவது, கணக்கை அழிப்பது, கூகுள் வாலட் வழியே பணம் கொடுப்பது ஆகிய மூன்றும் மட்டும் முடியாது. இதை வைத்து ரீவ் ஒரு பட்டியல் போட்டார்: உங்கள் மெயிலைப் படிக்கலாம், உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம், டிரைவில் உள்ள கோப்புகளை எடுக்கலாம், தேடல் வரலாற்றையும் வரைபட வரலாற்றையும் பார்க்கலாம், அந்தரங்கப் படங்களைத் திறக்கலாம்.

ஓரிரு நாளில் அந்தப் பதிவு செய்தி ஆனது. விளையாட்டை உருவாக்கிய நியான்டிக், 2010இல் கூகுளுக்குள்ளேயே தொடங்கப்பட்டு 2015இல் தனியாகப் பிரிந்த நிறுவனம். அதன் தலைவர் ஜான் ஹாங்கி, பின்னாளில் கூகுள் எர்த் ஆன கீஹோல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இந்தப் பின்னணி தெரிந்தவர்கள் பலவிதமாகச் சந்தேகப்பட்டார்கள். நடந்தது சதி இல்லை, தவறு. அதற்கு நல்ல சான்று ஆண்ட்ராய்டு பதிப்பு: அதே விளையாட்டு, அதே நிறுவனம், அதே சர்வர், ஆனால் அங்கே இந்த முழு அணுகல் இல்லை. வேண்டுமென்றே செய்கிறவர்கள் ஒரு வழியை மட்டும் திறந்துவைக்க மாட்டார்கள்.

தவறு என்பதாலேயே இது ஆராயத் தகுந்தது என்று நினைக்கிறேன். திருட வந்தவரைப் பற்றி நமக்குப் பயம் இருக்கிறது. திருடும் எண்ணமே இல்லாத ஒரு நிறுவனத்தின் கையில், அதுவும் கேட்காமல், நாமும் கொடுத்தோம் என்று தெரியாமல், இவ்வளவு பெரிய உரிமை போய்ச் சேர முடியும் என்பதை அவ்வளவாக யோசிப்பதில்லை.

கோரிக்கையில் இருந்த ஒரு சொல்

'கூகுள் வழியாக உள்நுழை' என்ற பொத்தானுக்குப் பின்னால் வேலை செய்வது ஓஆத் என்ற முறை. அதன் இரண்டாம் பதிப்பு 2012 அக்டோபரில் இணையத் தரமாக வெளியானது. அடிப்படை எண்ணம் எளிது. செயலிக்கு உங்கள் கடவுச்சொல் தெரிய வேண்டாம். செயலி உங்களைக் கூகுளிடம் அனுப்புகிறது. கூகுள் உங்களைச் சரிபார்க்கிறது. பிறகு செயலிக்கு ஒரு டோக்கன் கொடுக்கிறது. அந்த டோக்கனைக் காட்டி, உங்கள் கணக்கில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குச் செயலி எதையும் கேட்டுப் பெறலாம்.

'அனுமதிக்கப்பட்ட அளவு' எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதுதான் ஸ்கோப். செயலி கூகுளுக்கு அனுப்பும் கோரிக்கையில் ஒரு வரியாக அது எழுதப்பட்டிருக்கும். ஒரு விளையாட்டுக்கு உண்மையில் வேண்டியது என்ன? 'இவர் நேற்று வந்த அதே ஆள்தானா' என்று அடையாளம் கண்டு, சேர்த்துவைத்த புள்ளிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு பயனர் எண் போதும். மிஞ்சிப்போனால் மின்னஞ்சல் முகவரி. கோரிக்கையில் 'ஓப்பன்ஐடி', 'ஈமெயில்' என்று இரண்டு சொல் எழுதினால் வேலை முடிந்தது. யாரும் உங்கள் மெயிலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே எழாது.

போக்கிமான் கோவின் ஐபோன் பதிப்பு அந்த இரண்டு சொல்லோடு நிற்கவில்லை. கூகுளின் பழைய உள்நுழைவு முறை ஒன்றைப் பயன்படுத்தியது. அந்த முறையில் வாங்கிய டோக்கன், கூகுளின் கணக்குப் பக்கத்தில் 'முழு அணுகல்' என்று பதிவானது. சம்மதப் பக்கமும் வரவில்லை. அதனால் விளையாடியவர்கள் 'சரி' என்று சொல்லவும் இல்லை, 'வேண்டாம்' என்று மறுக்கவும் வாய்ப்பில்லை. 'அனுமதிகளைப் படிக்காமல் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்' என்று பயனர்களைக் குறை சொல்வது இந்தத் துறையில் வழக்கம். இந்த நிகழ்வில் அந்தக் குறைக்கு இடமே இல்லை. படிக்க எதுவும் இல்லை.

ஆபத்து எவ்வளவு உண்மை

ரீவ் எழுதியதில் எவ்வளவு சரி என்று உடனே கேள்வி எழுந்தது. செய்தியாளர்கள் கேட்டபோது, முழு உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அவரே இறங்கி வந்தார். ஸ்லாக் நிறுவனத்தில் இருந்த பாதுகாப்புப் பொறியாளர் ஒருவர், போக்கிமான் கோ வாங்குவது போன்ற டோக்கனைத் தன் கணக்குக்கே வாங்கி, அதை வைத்து மெயிலையும் காலண்டரையும் திறக்க முயன்றார். திறக்கவில்லை. கணக்குப் பக்கத்தில் எழுதியிருந்த சொற்கள் மிரட்டிய அளவுக்கு டோக்கனால் நேரடியாகச் செய்ய முடியவில்லை.

நியான்டிக்கின் அறிக்கை ஜூலை 11 அன்று வந்தது. ஐபோனில் கணக்கு தொடங்கும்போது தவறுதலாக முழு அணுகல் கேட்கப்படுகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் பயனர் எண், மின்னஞ்சல் முகவரி என்ற அடிப்படைத் தகவலைத் தவிர வேறு எதையும் எடுக்கவில்லை. கூகுளும் அதைச் சரிபார்த்துவிட்டது. அனுமதியைக் கூகுளே தன் பக்கத்தில் குறைத்துவிடும். பயனர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சுருக்கமாக இதுதான் அறிக்கை.

அவர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். இருந்தாலும் அந்த அறிக்கை பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. 'நாங்கள் படித்தோமா?' என்று அவர்களே கேட்டு, 'இல்லை' என்று அவர்களே பதில் சொன்னார்கள். கணக்கு வைத்திருப்பவருக்கு வேண்டிய பதில் வேறு: அந்த டோக்கன்கள் எங்கே இருந்தன, யாரெல்லாம் தொட முடியும், அந்தச் சில நாள்களில் வேறு யாராவது சர்வருக்குள் புகுந்திருந்தால் அவர்கள் கையில் என்ன சிக்கியிருக்கும்?

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டோக்கன் என்பது பலருக்குப் பிடிபடாத பொருள். கடவுச்சொல்லை நாம் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்கிறோம். அது நம் நினைவில் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்று தோன்றினால் மாற்றுகிறோம். டோக்கன் அப்படியில்லை. அதை நாம் பார்ப்பதே இல்லை. ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் டோக்கன் ஒன்று; அது தீர்ந்ததும் புதியதை வாங்கித் தரும் நீண்ட ஆயுள் கொண்ட இன்னொன்று. இந்த இரண்டாவது வகை, நாமோ கூகுளோ ரத்து செய்யும் வரை மாதக் கணக்கில் உயிரோடு இருக்கலாம். நிறுவனத்தின் சர்வரில் லட்சக்கணக்கானவர்களின் டோக்கன்கள் ஒரே இடத்தில் அடுக்கிவைக்கப்பட்டிருந்தால், அந்த ஒரு தரவுத்தளம் கசிவது லட்சக்கணக்கான கணக்குகளின் சாவிக்கொத்து கசிவதற்குச் சமம்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு இங்கே கைகொடுக்காது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணெல்லாம் டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் நடக்கும் சோதனை. கொடுத்த பிறகு, டோக்கனைக் கொண்டுவருகிறவரை யாரும் மறுபடி எண் கேட்பதில்லை. கடவுச்சொல்லை மாற்றினால் பழைய டோக்கன் எல்லாம் செத்துவிடும் என்றும் நம்ப முடியாது. சேவைக்குச் சேவை, அனுமதிக்கு அனுமதி அது மாறும். வங்கி, சமூக வலைத்தளம், வேலை தொடர்பான கணக்கு என்று எல்லாவற்றின் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' இணைப்பும் வந்து சேரும் இடம் மெயில் பெட்டி. மெயிலைப் படிக்கும் உரிமை ஒரு விளையாட்டு நிறுவனத்திடம் இருப்பது, மற்ற எல்லாக் கணக்கையும் மீட்டமைக்கும் உரிமை அங்கே இருப்பதைப் போன்றதுதான்.

போக்கிமான் கோவின் டோக்கன் மெயிலைத் திறக்கவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அது அதிர்ஷ்டத்தில் வந்த நல்ல செய்தி. கேட்டவர்களுக்கு எவ்வளவு கேட்கிறோம் என்று தெரியவில்லை, கொடுத்தவர்களுக்குக் கொடுப்பதே தெரியவில்லை. இப்படி இருக்கும்போது சேதம் ஏற்படாததற்கு யாரும் பெருமை கோர முடியாது.

திருத்தமும் விசாரணையும்

ஜூலை 12 அன்று ஐபோனுக்கு 1.0.1 பதிப்பு வந்தது. மாற்றங்களின் பட்டியலில் ஒரு வரி கூகுள் கணக்கு ஸ்கோப்பைச் சரிசெய்ததாகச் சொன்னது. புதிய பதிப்பில் மறுபடி உள்நுழைந்தவர்களுக்கு, கணக்குப் பக்கத்தில் அனுமதி அடிப்படைத் தகவல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பொதுவெளிக்கு வந்த நான்காம் நாள் திருத்தம் என்பது வேகமான வேலைதான். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

அதே நாள் அமெரிக்க செனட்டர் ஆல் ஃபிராங்கன் ஹாங்கிக்குக் கடிதம் எழுதினார். என்ன தரவு எடுக்கிறீர்கள், விளையாட்டு ஓடுவதற்கு அதில் எவ்வளவு உண்மையில் தேவை, யாரோடு பகிர்கிறீர்கள், குழந்தைகளின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதத்தை எப்படி உறுதிசெய்கிறீர்கள் என்று கேட்டு, ஆகஸ்ட் 12க்குள் பதில் கேட்டார். கணக்கு அனுமதியில் தொடங்கிய பேச்சு இருப்பிடத் தரவு, விளம்பரம், குழந்தைகள் என்று விரிந்தது. விரிந்ததில் நியாயம் உண்டு. தெருத்தெருவாக நடந்து விளையாடும் விளையாட்டு. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அதற்கு நொடிக்கு நொடி தெரியும். அதனுடன் ஒரு மின்னஞ்சல் முகவரி சேர்ந்தாலே, யார் எப்போது எங்கே போகிறார் என்ற வரைபடம் தயார். முழு அணுகல் போனபிறகும் இந்த வரைபடம் போகவில்லை. அது அந்த விளையாட்டின் இயல்பிலேயே இருந்தது.

'பயனர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை' என்ற வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அந்த நாள்களில் பயந்துபோன பலர் கணக்குப் பக்கத்துக்குப் போய் அனுமதியை நீக்கினார்கள். நீக்கிவிட்டு, விளையாட்டு கேட்டதால் பழைய பதிப்பிலேயே மறுபடி உள்நுழைந்தால் முழு அணுகல் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் புதிய பதிப்பைப் போடு, பிறகு வெளியேறி மறுபடி நுழை, கடைசியாகக் கணக்குப் பக்கத்தில் ஒருமுறை பார் என்று மூன்று வரியில் எழுதியிருக்கலாம். ஒருவரின் கணக்கில் நடந்ததை அவரே கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் வழியைச் சொல்வது ஒரு நிறுவனத்துக்குச் சங்கடம்தான். ஆனாலும் சொல்ல வேண்டும்.

பக்கத்து வாசல்: போலிச் செயலிகள்

அதே வாரத்தில் இன்னொரு ஆபத்தும் ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் நாட்டில் விளையாட்டு இன்னும் வெளியாகவில்லை என்பதால் பலர் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பை, வேறு தளங்களில் தேடி இறக்கினார்கள். ஜூலை 7 அன்றே, ட்ராய்ட்ஜாக் என்ற தொலைக்கட்டுப்பாட்டுத் தீநிரல் செருகப்பட்ட போக்கிமான் கோ கோப்பு ஒன்றைப் புரூஃப்பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அது மக்களிடையே பரவியதைத் தாங்கள் பார்க்கவில்லை என்றும் அவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள். கோப்பைத் திறந்தால் வரும் முதல் திரை அசலைப் போலவே இருக்கும். வித்தியாசம் அனுமதிப் பட்டியலில்தான் தெரிந்தது: குறுஞ்செய்தி படிக்க, அனுப்ப, ஒலி பதிவு செய்ய, அழைப்புப் பதிவுகளைப் பார்க்க, உலாவி வரலாற்றைப் படிக்க. காட்டுயிர் பிடிக்கும் விளையாட்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வேலை எதற்கு என்று கேட்டவர் தப்பித்தார்.

கூகுள் பிளேயும் சுத்தமாக இல்லை. செப்டம்பரில் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம், போக்கிமான் கோவுக்கு வழிகாட்டி என்ற பெயரில் அங்கேயே இருந்த ஒரு செயலியை அம்பலப்படுத்தியது. போனின் மூலக் கட்டுப்பாட்டையே கைப்பற்றக்கூடிய அந்தச் செயலி, அதற்குள் 5 லட்சம் முறைக்கு மேல் இறக்கப்பட்டிருந்தது.

இந்த இரண்டு ஆபத்தையும் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. போனில் கொடுக்கும் அனுமதியும் கணக்கில் கொடுக்கும் அனுமதியும் வேறு வேறு. கேமரா, மைக், இருப்பிடம், தொடர்புகள் எல்லாம் போனின் அனுமதிகள். ஆண்ட்ராய்டு 6 முதல் இவை ஒவ்வொன்றாக, தேவைப்படும் நேரத்தில் கேட்கப்படுகின்றன. செட்டிங்ஸில் போய் மாற்றலாம். செயலியை அழித்தால் அவையும் போய்விடும். மெயில், டிரைவ், சுயவிவரம் போன்ற கணக்கு அனுமதிகள் போனில் இல்லை. கூகுளின், ஃபேஸ்புக்கின், ஆப்பிளின் சர்வரில் இருக்கின்றன. செயலியை அன்இன்ஸ்டால் செய்தாலும், போனையே தூக்கி எறிந்தாலும், அந்த இணைப்பு அப்படியே நிற்கும்.

நான் இதைச் சொல்லும்போது நம்பாதவர்களே அதிகம். கணக்குப் பக்கத்தைத் திறந்து காட்டினால்தான் ஒப்புக்கொள்கிறார்கள். என்றோ ஒருநாள் விளையாடி மறந்துபோன புதிர் விளையாட்டு, இன்று பெயர்கூட மாறிப்போன பந்தய விளையாட்டு, 'நீ எந்த விலங்கு' என்று கேட்ட வினாடி வினா எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றில் சிலவற்றை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டிருக்கலாம், வேறு யாரோ வாங்கியிருக்கலாம். அனுமதி மட்டும் புது முதலாளியோடு போயிருக்கும்.

இதே வேர், வேறு கிளைகள்

போக்கிமான் கோவுக்குப் பின் வந்த சில நிகழ்வுகளைப் பார்த்தால், ஒவ்வொன்றும் அந்த உள்நுழைவு முறையின் ஒவ்வொரு பக்கத்தில் உடைந்திருப்பது தெரியும்.

2017 மே 3 அன்று 'கூகுள் டாக்ஸ்' என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட ஒரு போலிச் செயலி மெயில் வழியே பரவியது. இங்கே சம்மதப் பக்கம் வந்தது, அதுவும் கூகுளின் அசல் பக்கம்தான். மெயிலைப் படிக்கவும் தொடர்புகளைப் பார்க்கவும் அனுமதி கேட்டது. கேட்பது கூகுள் டாக்ஸ்தானே என்று மக்கள் தட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கூகுள் நிறுத்திவிட்டது. ஜிமெயில் பயனர்களில் 0.1 சதவீதத்துக்கும் குறைவானோரே பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. போக்கிமான் கோவில் பக்கமே இல்லை. இங்கே பக்கம் இருந்தும் அதில் இருந்த பெயர் பொய்.

2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் டோக்கன்களே திருடுபோயின. சுமார் 3 கோடி கணக்குகள். கடவுச்சொல் ஒன்றுகூடத் திருட வேண்டியிருக்கவில்லை. 'ஃபேஸ்புக் வழியாக உள்நுழை' என்று எத்தனை விளையாட்டுகளில் தட்டியிருக்கிறோம் என்று பலர் அன்றுதான் எண்ணிப் பார்த்தார்கள்.

விளையாட்டுத் துறைக்கு இன்னும் நெருக்கமானது ஃபோர்ட்நைட். 2019 ஜனவரியில் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட விவரம் இது: ஃபோர்ட்நைட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ் பயன்பாட்டில் இல்லாமல் விட்டுவைத்திருந்த ஒரு பழைய இணையப் பக்கத்தில் ஓட்டை இருந்தது. ஃபேஸ்புக், கூகுள் போன்றவை வழியே உள்நுழையும்போது வரும் டோக்கனை அந்தப் பழைய பக்கத்துக்குத் திருப்பிவிட முடிந்தது. ஒரு இணைப்பைத் தட்டினால் போதும். ஆட்டக்காரர் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாமலே கணக்கு பறிபோகும். சேமித்துவைத்த அட்டையில் வி-பக்ஸ் என்ற விளையாட்டுப் பணம் வாங்கலாம், குழு அரட்டையை ஒட்டுக்கேட்கலாம். வெளியிடும் முன்பே எபிக் அதைச் சரிசெய்திருந்தது.

அப்படியானால் கூகுள், ஃபேஸ்புக் எதுவும் வேண்டாம், விளையாட்டுக்கென்று தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. 2019இல் ஜிங்கா நிறுவனத்தின் 'வேர்ட்ஸ் வித் ஃபிரெண்ட்ஸ்' முதலிய விளையாட்டுகளின் தரவு கசிந்தது. வெளியே வந்தவை சுமார் 17 கோடி மின்னஞ்சல் முகவரிகளும், எஸ்எச்ஏ-1 என்ற பழைய மறைப்பு முறையில் உப்பு (ஒவ்வொன்றோடும் கலக்கும் கூடுதல் எழுத்துகள்) சேர்த்து மறைத்த கடவுச்சொற்களும். அந்த முறை வேகமாகக் கணக்கிடக்கூடியது. எளிய கடவுச்சொற்களை ஊகித்து உடைக்க ஏற்றது. விளையாட்டுதானே என்று மெயிலின் கடவுச்சொல்லையே அங்கேயும் போட்டவர், ஓஆத் அனுமதியே கொடுக்காமல் மெயிலைத் திறந்துவைத்தவர் ஆகிறார்.

என்ன மாறியது, என்ன செய்யலாம்

2016 ஆகஸ்டில், அதாவது இந்த விவகாரம் நடந்த அடுத்த மாதமே, செயலிக்குள் பதிக்கப்பட்ட வெப்வியூ சன்னல்களில் தன் உள்நுழைவுப் பக்கத்தைத் திறப்பதைத் தடுக்கப்போவதாகக் கூகுள் அறிவித்தது. 2017 ஏப்ரல் 20 முதல் தடை அமலுக்கு வந்தது. அந்தச் சன்னல் செயலியின் கட்டுப்பாட்டில் இருப்பது. நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைச் செயலி விரும்பினால் படிக்கலாம், முகவரிப் பட்டையும் இருக்காது. இப்போது போனின் சொந்த உலாவியோ கூகுளின் சொந்தத் திரையோ திறக்க வேண்டும். ஒரு கேம் இன்றும் தன் சன்னலுக்குள்ளேயே கூகுள் கடவுச்சொல்லைத் தட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2018 அக்டோபரில் கூகுள் இன்னும் ஒருபடி போய், அனுமதிகளை மொத்தமாகக் காட்டாமல் தனித்தனியாகக் கேட்கப்போவதாகவும், மெயிலைத் தொடும் செயலிகளைக் கடுமையாகச் சோதிக்கப்போவதாகவும் அறிவித்தது. 2019இல் ஆப்பிள் தன் உள்நுழைவு முறையைக் கொண்டுவந்து, உண்மையான மின்னஞ்சலை மறைத்து மாற்று முகவரி கொடுக்கும் வசதியைச் சேர்த்தது. விளையாட்டுகளுக்கு அது நல்ல தேர்வு.

ஆட்டக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது தனி மின்னஞ்சல் முகவரி. வங்கியும் வேலையும் வந்துசேரும் முகவரியில் விளையாட்டு வேண்டாம். குழந்தைகள் விளையாடும் போனில் பெற்றோரின் முதன்மைக் கணக்கு திறந்திருப்பது இன்னும் மோசம். குழந்தை 'சரி' என்று தட்டும்போது பறிபோவது பெற்றோரின் மெயில். சம்மதப் பக்கம் வந்தால் பெயர், படம், மின்னஞ்சல் என்ற மூன்றைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன்னேற்றத்தைச் சேமிக்க டிரைவில் தனக்கென ஒரு மறைவுக் கோப்புறை கேட்பது சில விளையாட்டுகளுக்கு நியாயமானது; டிரைவ் முழுவதையும் கேட்பது நியாயமில்லை. தொடர்புகள் வேண்டும் என்றால் மறுத்துவிட்டு விளையாடிப் பாருங்கள், பெரும்பாலும் ஓடும். 'எனக்காக நீ விளையாடி நிலை ஏற்றிக் கொடு' என்று கூகுள் கடவுச்சொல்லோடு கணக்கைப் பிறரிடம் ஒப்படைக்கும் பழக்கத்தை என்னால் ஏற்கவே முடியாது. கடவுச்சொல் என்ற அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் ஸ்கோப்பும் டோக்கனும் ஒரு பொருட்டே இல்லை.

விளையாட்டு உருவாக்குகிறவர்களுக்கு இந்த நிகழ்வு விட்டுச் சென்ற சோதனை மிகச் சிறியது. வெளியிடும் முன் குழுவில் ஒருவர் தன் சொந்தக் கணக்கில் உள்நுழைந்து, கூகுளின் இணைக்கப்பட்ட செயலிகள் பக்கத்தைத் திறந்து, தங்கள் விளையாட்டின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். அதை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஆண்ட்ராய்டில் சரியாக இருந்தது ஐபோனில் சரியாக இல்லை. ஆளை அடையாளம் காண மட்டுமே டோக்கன் வேண்டும் என்றால், சரிபார்த்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். சர்வரில் இல்லாத டோக்கனை யாராலும் திருட முடியாது.

பழைய விளையாட்டுகளைத் துண்டிக்க உட்காருகிறவர்கள் ஒரு வரிசையைக் கவனிக்க வேண்டும். இணைப்பை நீக்கினால் இனிமேல் எடுப்பதுதான் நிற்கும். ஏற்கெனவே எடுத்த மின்னஞ்சல், நண்பர் பட்டியல், இருப்பிடம் எல்லாம் அந்த நிறுவனத்தின் சர்வரிலேயே இருக்கும். அவற்றை அழிக்கத் தனியாகக் கேட்க வேண்டும். கணக்கு தொடங்க விடும் செயலி, கணக்கை அழிக்கும் வழியையும் உள்ளேயே வைக்க வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் கட்டாயமாக்கியிருக்கிறது. கூகுள் பிளேயும் அப்படியொரு விதியை 2023இல் அறிவித்தது. பல விளையாட்டுகளில் அந்த அழிக்கும் பொத்தானை அடைய உள்நுழைந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் விளையாட்டுக்குள் போய்க் கணக்கை அழிக்கச் சொல்லுங்கள், அது நடந்ததாக உறுதிமொழி வந்தபின் கூகுள் பக்கத்தில் இணைப்பை நீக்குங்கள், செயலியைக் கடைசியாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.